திறன்பேசி இசைச்செயலிகளில் பதிவுக்குப் பிந்தைய காலத்திருத்தமும் தாளநடையும்: இராசபாளையம் – திருவில்லிபுத்தூர் வட்டார இசைமரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

திறன்பேசியில் வாசித்துப் பதிவுசெய்த ஒலிகளை, பதிவு முடிந்தபின் சமஅளவான காலக்கட்டங்களுக்கு நகர்த்தி ஒழுங்குபடுத்தும் வசதி இன்றைய இசைச்செயலிகள் பலவற்றில் உள்ளது. இவ்வசதி எவ்வாறு செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை கணக்கிட்டு விளக்குகிறது. கண்டநடை, மிசிரநடை ஆகியவற்றில் இது வாசிப்பின் பிழையைத் திருத்துவதற்கு மாறாக நடையையே வேறாக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இசைமரபுகளைத் திறன்பேசிவழி ஆவணப்படுத்தும் களஆய்வாளர் கொள்ளவேண்டிய முறைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலத்திருத்தம், கட்டப்பொருத்தம், தாளநடை, கண்டநடை, தவில், சிந்து, களஆய்வு.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சிமலையின் கீழைச்சாரலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். இச்சிறு நிலப்பரப்பில் தாளத்தோடு வெவ்வேறு வகையில் உறவுகொண்ட இசைவகைகள் அருகருகே வழங்குகின்றன. ஆண்டாள் கோயிலில் கோஷ்டியாக ஓதப்பெறும் திருப்பாவை தாளக்கட்டுக்கு உட்படாதது. சொல்லின் ஓட்டமே அதன் காலம். அதே கோயிலில் நிகழும் அரையர் சேவையில் கைத்தாளம் மட்டுமே இசைக்கருவி. சுவாமி புறப்பாட்டில் நாகசுரமும் தவிலும் மல்லாரி வாசிக்கின்றன. அதில் ஒரே உருப்படி மூன்று காலங்களிலும் திசிரத்திலும் மாறி மாறி ஒலிக்கும். தெற்கே சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து தாளநடையையே யாப்பின் உயிராகக் கொண்டது. ஊர்ப்புறக் கும்மியோ பெரும்பாலும் மும்மை நடையில் சுழல்வது.

இவ்வகை இசைகளைத் திறன்பேசியில் பதிவுசெய்வோர் இருதிறத்தார். திருவிழாவுக்கும் ஊர்நிகழ்ச்சிக்கும் பாடல் அமைப்பவர் ஒரு திறத்தார். ஆய்வுக்காகத் தாளத்தைக் குறித்துக்கொள்பவர் மற்றொரு திறத்தார். முன்னவருக்குச் செயலி ஒரு கருவி. அவர்தம் செவிக்கு உவந்ததே அளவுகோல். பின்னவருக்கு அது சான்று சேமிக்கும் இடம். காலத்திருத்தம் என்ற ஒரே வசதி இவ்விருவரிடத்தும் ஒரே விளைவைத் தருவதில்லை. இக்கட்டுரை முதன்மையாக இரண்டாம் திறத்தாரை நோக்கியது.

சொல்லும் அதன் உட்பொருளும்

இவ்வசதியைப் பயன்படுத்துவோர் ‘குவாண்டைஸ்’ என்றே வழங்குகின்றனர். இயற்பியலில் அச்சொல்லுக்குரிய தமிழாக்கம் இங்குப் பொருந்தாது. ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 என்னும் மின்னணுத் தாளக்கருவி 1980இல் வெளிவந்தபோதே இவ்வசதி அதில் இடம்பெற்றது. அவர் பங்கேற்று அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்பிசி60 கருவியில் இதற்குரிய பொத்தானின் பெயர் ‘டைமிங் கரெக்ட்’ என்பதாகும். அதாவது, ‘காலத்தைத் திருத்து’. பெயரிலேயே ஒரு முன்முடிவு உள்ளது. வாசித்தவர் பிழைசெய்துள்ளார், கருவி அறிந்த காலமே சரியான காலம் என்பது அம்முன்முடிவு.

கருவி உண்மையில் செய்வது இதனினும் எளியது. ஒலி தொடங்கிய நேரத்தைக் கண்டு, அதற்கு மிக அண்மையிலுள்ள கட்டத்தில் அதனைக் கொண்டுபோய் வைக்கிறது. வாசித்தவர் கருதியது எது என அதற்குத் தெரியாது. எனவே ‘கட்டப்பொருத்தம்’ என்னும் சொல்லை இக்கட்டுரை இனிக் கையாள்கிறது. ‘திருத்தம்’ என்பதைப் பிழை என உறுதிப்பட்டதை நீக்கும் இடத்திற்கே ஒதுக்கிவைப்பது நன்று.

காலத்தைக் கட்டமாக்கிக் காண்பது நமக்குப் புதிதன்று என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடவேண்டும். தொல்காப்பியம் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் மாத்திரைக்கு அளவாக்கி, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என ஒலியளவை எண்ணில் அடக்குகிறது. ஆயினும் அவ்வளவு ஒலியை அறிவதற்கானது. ஓதுவோரின் குரலை அவ்வெண்ணுக்கு இழுத்து நிறுத்துவதற்கானதன்று. செயலியின் கட்டம் இவ்விரண்டாவது வேலையைச் செய்கிறது.

செயற்படும் முறை

செயலியின் திரையில் உள்ள விசையையோ தாளப்பலகையையோ தொடும்போது பதிவாவது ஒலியலை அன்று. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்னும் குறிப்புகளே. 1983இல் அறிமுகமான மிடி என்னும் பொதுமுறை இதற்கு அடிப்படை. ஒவ்வோர் எண்ணிக்கையும் மிகச் சிறு நுண்கூறுகளாகப் பகுக்கப்படும். 480 நுண்கூறுகள் என்பது பரவலாக வழங்கும் அளவுகளுள் ஒன்று.

480 என்னும் எண் மூன்றாலும் நான்காலும் ஐந்தாலும் மீதியின்றி வகுபடும். ஆகவே கண்டநடையின் ஒவ்வோர் அடியும் 96 நுண்கூறுகளாகத் துல்லியமாகப் பதிவாகும். ஏழால் வகுபடாது; எனினும் மிசிரநடையை முழுஎண்ணாக்குவதால் நேரும் வேறுபாடு, நடுத்தரக் காலத்தில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அது செவிக்கு எட்டாது. கருவியின் நினைவில் ஐந்து நடைகளுக்கும் இடமுண்டு என்பது இதனால் பெறப்படும். இல்லாதது பட்டியலில்தான். 2011இல் ஐபேடுக்கும் ஐபோனுக்கும் வந்த காரேஜ்பேண்ட் செயலியை எடுத்துக்கொண்டால், அதில் தெரிவுசெய்யக் கிடைப்பவை நேர்கட்டம், மும்மைக்கட்டம், இரண்டாவது அடியைச் சற்றுப் பிந்தவைக்கும் ஊசற்கட்டம் ஆகியவை. தாள அளவுகளும் நான்கு, மூன்று, ஆறு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. சதுசிரமும் திசிரமும் உண்டு. கண்டமும் மிசிரமும் சங்கீர்ணமும் இல்லை.

கண்டநடைக்கு நேர்வது

நிமிடத்திற்கு 75 எண்ணிக்கை என்னும் காலத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணிக்கையின் நீளம் 800 மில்லிநொடி. கண்டநடையில் ‘தகதகிட’ என்னும் சொற்கட்டின் ஐந்து எழுத்துகளும் முறையே 0, 160, 320, 480, 640 ஆகிய மில்லிநொடிகளில் விழும். கலைஞர் சிறிதும் பிசகாமல் வாசித்துள்ளார் எனவே கொள்வோம். இனி இதன்மீது நான்கன்கட்டத்தைச் செலுத்தினால், கட்டங்கள் 0, 200, 400, 600 ஆகிய இடங்களில் உள்ளன. இரண்டாம் எழுத்து 200க்குச் செல்லும். மூன்றாம் எழுத்தாகிய ‘த’ 320இலிருந்து 400க்கு முன்தள்ளப்படும். நான்காம் எழுத்தாகிய ‘கி’ 480இலிருந்து அதே 400க்குப் பின்னிழுக்கப்படும். ஐந்தாம் எழுத்து 600இல் அமரும். ஐந்து அடிகள் நான்கு இடங்களில் அடங்கிவிட்டன. நடுவிலிருந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. கேட்பவர் செவிக்கு இது ‘தகதிமி’.

இதில் இழப்பு ஓர் அடி மட்டுமன்று. ‘தகதகிட’ என்பது இரண்டும் மூன்றுமாகப் பிரிவது. பிரிவு தொடங்கும் இடம் மூன்றாம் எழுத்து. அவ்வெழுத்தின் இடமே இங்கு அழிகிறது. தவிலில் வலக்கை விரற்கூடுகளின் ஒலியும் இடக்கைக் கழியின் ஒலியும் பகிர்ந்துகொள்ளும் சொற்கட்டாயின், இரு வேறு ஒலிகள் ஒன்றாகிப் புதியதொரு சொல் பிறந்ததுபோலவும் தோன்றும். பதிவைமட்டும் பின்னர்க் கேட்கும் ஆய்வாளர் அதனைக் கலைஞரின் புதுமை என எழுதவும் கூடும்.

கட்டத்தை நுண்ணிதாக்கினால் சரியாகிவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. எட்டன்கட்டத்தில் ஐந்து அடிகளும் தனித்தனியே நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அவை 0, 200, 300, 500, 600 என நிற்கும். அடிகளின் இடைவெளி 200, 100, 200, 100, 200 என நெடிலும் குறிலுமாக மாறிவிடும். ஐந்து சமஅளவான அடிகள் என்னும் கண்டநடையின் இலக்கணம் இதில் இல்லை. மும்மைக்கட்டத்தை ஆறாகப் பகுத்துச் செலுத்தினாலோ, முதல் மூன்று அடிகள் ஒரு திரளாகவும் இறுதி இரண்டு மற்றொரு திரளாகவும் பிரிந்து நடுவே ஓர் அடி அளவுக்குக் கார்வை விழும்.

சில செயலிகளில் கட்டப்பொருத்தத்தின் வலிமையை விழுக்காட்டில் குறைக்கலாம். ஐம்பது விழுக்காடு என்றால் ஒவ்வோர் ஒலியும் கட்டத்தை நோக்கிப் பாதித்தொலைவு மட்டும் நகரும். மனிதத்தன்மை கெடாமல் ஒழுங்கு வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சதுசிர வாசிப்பில் அது பொருந்தும். கண்டநடையில் இதன் விளைவு 0, 180, 360, 440, 620 என்பதாகும். இடைவெளிகள் 180, 180, 80, 180, 180. சதுசிரமும் அன்று, கண்டமும் அன்று. எந்த ஆசிரியரும் கற்பிக்காத, எந்தக் கலைஞரும் வாசிக்காத ஒரு நடை.

மிசிரநடையில் நிலைமை இன்னும் கடுமையானது. அதே காலத்தில் ஏழு அடிகளும் ஏறத்தாழ 114 மில்லிநொடி இடைவெளியில் விழும். நான்கன்கட்டத்தில் முதலடி தனித்து நிற்க, ஏனைய ஆறும் இரண்டிரண்டாக மூன்று இடங்களில் ஒட்டிக்கொள்ளும்.

பிழை எது, நடை எது

கட்டப்பொருத்தம் எல்லா இடத்தும் தீங்கானது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கும்மிப் பாட்டுக்கு மும்மைக்கட்டம் இயல்பாகப் பொருந்தும். கைதட்டு சற்று முந்தியோ பிந்தியோ பதிவாகியிருந்தால் சீராகும். அதனால் பாட்டின் நடை கெடுவதில்லை. தெரிவுசெய்த கட்டம் வாசிப்பின் நடையோடு ஒத்திருந்தால் மட்டுமே நகர்த்தல் திருத்தமாகும் என்பதே இதன் பொருள்.

ஒத்திருக்கிறதா என்று அறிய, ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு நகர்ந்தது எனக் குறித்துப் பார்ப்பது போதுமானது. கை பிசகியதால் வந்த வேறுபாடாயின் நகர்வு சிறிதாகவும் முன்னும் பின்னுமாக ஒழுங்கற்றும் இருக்கும். மேற்கண்ட கண்டநடைக் கணக்கில் நகர்வுகள் 0, முன் 40, முன் 80, பின் 80, பின் 40 என அமைகின்றன. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் இதே வரிசை திரும்பத் திரும்ப வரும். பிழை இவ்வளவு ஒழுங்காகத் திரும்பாது. நகர்வில் திரும்பும் வரிசை காணப்பட்டால், கலைஞர் வேறொரு நடையில் வாசித்துள்ளார் என்றும் கட்டமே தவறானது என்றும் கொள்ளலாம். குறிப்புகளை மில்லிநொடியிலோ நுண்கூறிலோ காட்டும் கணினிச்செயலி ஒன்றில் மிடி கோப்பைத் திறந்தால் இதனைச் சிலநிமிடங்களில் செய்துவிடலாம்.

கருவியின் தாமதம்

உண்மையிலேயே திருத்தவேண்டிய பிழை ஒன்று உண்டு. அது கலைஞருடையதன்று, திறன்பேசியுடையது. திரையைத் தொடுவதற்கும் தொடுகை பதிவாவதற்கும் இடையில் சிறு தாமதம் நேர்கிறது. வழிகாட்டும் தாளஒலி காதை அடைவதிலும் தாமதம் உண்டு. கம்பியில்லாக் காதொலிப்பான் அணிந்தால் இது மேலும் கூடும். இத்தாமதம் ஏறத்தாழ நிலையானது. எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பிந்தச்செய்வது. எனவே முழுப்பதிவையும் அவ்வளவு முன்னகர்த்தினால் தீர்ந்துவிடும். கட்டம் தேவையில்லை.

தாமதத்தை நீக்காமல் கட்டத்தைச் செலுத்துவதில் வேறோர் இடர் உள்ளது. முற்கூறிய கண்டநடை வாசிப்பு 60 மில்லிநொடி தாமதத்தோடு பதிவானதாகக் கொள்வோம். அடிகள் 60, 220, 380, 540, 700 என விழும். இப்போது நான்காம் எழுத்து 400க்கு மாறாக 600க்குச் செல்கிறது. ஐந்தாம் எழுத்து 600க்கும் 800க்கும் சரிநடுவில் நிற்பதால், ஓரிரு மில்லிநொடி வேறுபாட்டில் ஒருமுறை நான்காம் எழுத்தோடும் மறுமுறை அடுத்த எண்ணிக்கையின் முதலெழுத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஒரே கலைஞர் ஒரே சொற்கட்டை இரு திறன்பேசிகளில் வாசித்தால், ‘திருத்திய’ பதிவுகள் இரண்டும் வெவ்வேறு தாளச்சொற்களைக் காட்டக்கூடும் என்பது இதனால் விளங்கும். மீண்டும் செய்துபார்த்து உறுதிசெய்ய இயலாத தரவை ஆய்வுத்தரவு எனக் கூறுதல் அரிது.

சிந்தின் அசைநீட்டம்

இதுவரை கூறியது ஒலி தொடங்கும் நேரத்தைப் பற்றியது. ஒலி முடியும் நேரத்தையும் கட்டத்திற்கு ஒட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. இது சிந்துப்பாடலைப் பெரிதும் பாதிக்கும். சிந்தில் குறிலாயினும் நெடிலாயினும் ஓர் உயிரோ உயிர்மெய்யோ ஓரசையாக நிற்க, தாளத்தின் எஞ்சிய இடத்தை அசைநீட்டம் நிரப்பும். இரா. திருமுருகன் தம் ‘சிந்துப் பாவியல்’ நூலில் சிந்தின் யாப்பைத் தாளநடையோடு சேர்த்தே விளக்கியமை அறிஞர் அறிந்தது. எழுத்தில் புள்ளியிட்டுக் காட்டும் அந்நீட்டம், பாடுவோர் குரலில் எங்கு முடிந்து எங்கு மூச்சு வாங்கப்படுகிறது என்பது பாடுவோர்தோறும் வேறுபடும். முடிவுநேரத்தைக் கட்டத்திற்கு ஒட்டியபின் எல்லா நீட்டங்களும் அடுத்த அசைவரை இழுபட்டோ ஒரே அளவில் வெட்டுப்பட்டோ நிற்கும். காவடிச்சிந்து பாடும் மரபுகளை ஒப்பிட விரும்புவோர்க்கு வேண்டிய தடயம் அத்தோடு போய்விடும்.

திருப்பாவையை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) இராகதாளம் அமைத்த திருப்பாவை அரங்கிசையாகப் பரவியது. அதற்குத் தாளக்கட்டம் உண்டு. கோஷ்டியில் ஓதப்பெறும் திருப்பாவைக்கு அது இல்லை. இரண்டும் ஒரே முப்பது பாசுரங்களே. பின்னதைத் தாளஒலியை இயக்கியபடி பதிவுசெய்வதும் பிறகு கட்டத்திற்கு ஒட்டுவதும், உரைநடையைச் சீர்பிரித்து அச்சிடுவதற்கு ஒப்பாகும்.

ஆர்மோனியம் பற்றிய பழைய விவாதம்

இசையில் நிலைத்த கட்டம் பற்றிய பூசல் முன்னரும் எழுந்துள்ளது. நிலைத்த சுரத்தானங்களைக் கொண்ட ஆர்மோனியம் கமகத்திற்கு ஏற்றதன்று என்னும் வாதத்தின் பேரில் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது; தடை தளரப் பல்லாண்டுகள் ஆயின. தென்பாண்டி நாட்டு இசைநாடக மேடையோ அக்கருவியை விட்டுவிடவில்லை. தடையால் நன்மை விளைந்ததாகக் கூறமுடியாது. ஆயினும் அன்று ஒன்று வெளிப்படையாக இருந்தது: மேடையில் ஆர்மோனியம் இருப்பது கண்ணுக்குத் தெரியும். கட்டப்பொருத்தம் கேட்பவருக்குத் தெரிவதில்லை. அது நிகழ்ந்ததற்கான அடையாளம் எதுவும் ஏற்றுமதி செய்த ஒலிக்கோப்பில் இராது. இவ்வேறுபாடே ஆய்வாளருக்குக் கவலை தரவேண்டியது.

களஆய்வில் கொள்ளத்தக்கவை

செயலியைத் திறந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, பதிவாகும்போதே கட்டத்திற்கு ஒட்டும் அமைப்பு இயங்குகிறதா என்பது. சிலவற்றில் அது தாமாகவே இயங்கும். அதனை நிறுத்திவிட வேண்டும். பதிவுக்குப் பின் செலுத்திய கட்டத்தைப் பல செயலிகளில் நீக்கி மூலத்திற்கு மீளலாம் என்றாலும், தடங்களை இணைத்து ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்தபின் மீளவழியில்லை. எனவே கைபடாத மூலப்பதிவைத் தனிக்கோப்பாக முதலிலேயே சேமித்தல் வேண்டும். உடன் ஒரு சாதாரண ஒலிப்பதிவும் காணொளியும் இருப்பது நன்று. கலைஞரின் கை எங்கே விழுந்தது என்பதற்குக் காணொளியே இறுதிச்சான்று.

கலைஞர் வாசிக்கத் தொடங்குமுன் செயலியின் தாளஒலிக்கேற்பப் பதினாறு எண்ணிக்கை தட்டச்செய்து, அவற்றின் சராசரிப் பிந்துகையைக் கணக்கிட்டால் அத்திறன்பேசியின் தாமதம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பின்பு கலைஞரிடமே சொற்கட்டைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லப்படும் ‘தகிடதகதிமி’ எந்தச் செயலியின் கட்டத்தினும் நம்பத்தக்கது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் செயலியின் பெயர், பதிப்பு, காலம், பயன்படுத்திய கட்டம், வலிமை விழுக்காடு, நீக்கிய தாமதம் ஆகியவை இடம்பெறுதல் தகும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டுவதை நாம் கட்டாயமாகக் கொள்கிறோம். ஒலிக்கோப்புக்கு அந்நெறி இன்னும் வரவில்லை.

கண்டநடையைக் கட்டத்தோடு பதிவுசெய்தே ஆகவேண்டிய தேவை கற்பித்தலில் எழலாம். அதற்கு வழியுண்டு. செயலியின் காலத்தை நடையின் எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்து அமைத்தால், நடையின் ஒவ்வோர் அடியும் நான்கன்கட்டத்தின் ஒரு கட்டமாகிவிடும். கலைஞரின் காலம் நிமிடத்திற்கு 80 எனில் கண்டநடைக்கு 100, மிசிரநடைக்கு 140. கலைஞரின் காலம் நான்கால் வகுபடும் எண்ணாக இருந்தால் பின்னம் வராது. திரையில் தெரியும் அளவைக்கோடுகள் தாளத்தோடு ஒவ்வா. செயலியின் தாளஒலியும் தவறான இடத்தில் தட்டும். ஆகவே அதனை நிறுத்திவிட்டு, எண்ணிக்கையின் தொடக்கங்களில் ஒலிக்குமாறு கைத்தாளத் தடம் ஒன்றைத் தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். ஆதிதாளத்தின் இரண்டு வட்டங்கள், அதாவது 16 எண்ணிக்கைகள், கண்டநடையில் 80 கட்டங்கள் ஆகும். செயலியின் ஓர் அளவைக்கூறு 16 கட்டங்கள் கொண்டது. எனவே சுழன்று ஒலிக்கும் பகுதியின் நீளத்தை ஐந்து அளவைக்கூறுகளாக வைத்தால் சமம் சரியாக வந்து சேரும். மிசிரநடையாயின் ஏழாக வைக்க வேண்டும். செயலிகள் இயல்பாகத் தரும் நான்கு, எட்டு என்னும் நீளங்களை அப்படியே விட்டுவிட்டால், ஒவ்வொரு சுழற்சியின் இறுதியிலும் சொற்கட்டு நடுவில் அறுபட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.